நெடுஞ்சொல்லும் நிறைபொருளும்

சொல் என்பது பொருளைக் காட்டும் விளக்கு. விளக்கின் பெருமை அதன் தண்டின் உயரத்தில் இல்லை. அது தரும் ஒளியிலேயே உள்ளது. இவ்வெளிய உண்மையை மறந்து, தண்டை அளந்து வியக்கும் பழக்கமொன்று ஆங்கில மொழியுலகில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. சொல்லாட்டங்களுக்கும் எழுத்துக்கூட்டற் போட்டிகளுக்கும் என்றே எழுத்து மிக்க அருஞ்சொற்களைத் தேடித் திரட்டிப் பட்டியலிட்டு, எதிரே பொருளும் எழுதி, நெட்டுருச் செய்வதே அப்பழக்கம். அப்பட்டியல்களைக் கண்டு மலைத்து, "இத்துணை நெடிய சொல் தமிழில் உண்டா?" என்று வினவும் தமிழரும் உளர். அங்ஙனம் வினவுவார் முதற்கண் அறிய வேண்டுவது, அந்நெடுஞ்சொற்கள் எங்குப் பிறந்தன, யாருக்கு விளங்கின, யாருக்குப் பயன்பட்டன என்பதே.

அப்பட்டியல்களின் தலையில் வைக்கப்பெறும் சொல் 45 எழுத்துகளைக் கொண்டது. 'நியூமோனோ - அல்ட்ரா - மைக்ராசுகோபிக் - சிலிக்கோ - வால்கேனோ - கோனியோசிசு' என்று ஐந்திடத்தில் நின்று மூச்சு வாங்கியே அதனைச் சொல்லல் வேண்டும். எரிமலையினின்று எழும், கண்ணுக்குத் தோன்றாத நுண்ணிய மணற்கல் துகளை மூச்சில் இழுப்பதால் நுரையீரலில் உண்டாகும் நோய் என்பது அதற்குத் தரப்பெறும் பொருள். ஆயின், இச்சொல் மருத்துவமனையிற் பிறந்ததன்று. நோயாளியின் படுக்கையருகே நின்ற மருத்துவர் வாயினின்று வந்ததுமன்று. 1883-இல் தோன்றிய அமெரிக்கப் புதிர் விளையாட்டாளர் கழகத்தின் கூட்டம் 1935-இல் நியூயார்க்கில் நடந்தபோது, அதன் தலைவராயிருந்த எவரெட்டு சுமித்து என்பார், அதுகாறும் அகரமுதலியில் இருந்த சொற்களையெல்லாம் நீளத்தில் வெல்லுமாறு வேண்டுமென்றே கட்டிய சொல் இது. செய்தித்தாள் ஒன்று அதனை வெளியிட்டது. நான்கே ஆண்டில், 1939-இல், மெரியம்-வெபுசுடர் பேரகரமுதலியின் பின்னிணைப்பில் அஃது ஏறி அமர்ந்தது. நோய்க்காக எந்த மருத்துவரும் ஆக்காத சொல், நீளத்திற்காக மட்டுமே அகரமுதலியில் இடம் பெற்றது! அவ்வகை நோய்க்கு மருத்துவர் உண்மையில் வழங்கும் பெயர் 'சிலிக்கோசிசு' என்னும் சிறு சொல்லே.

அந்நெடுஞ்சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேறோர் உண்மையும் புலனாகும். 'நியூமோன்' என்பது நுரையீரலைக் குறிக்கும் கிரேக்கம். 'அல்ட்ரா' என்பது அப்பால் எனப் பொருள்படும் இலத்தீன். 'மைக்ரோ' சிறுமையையும் 'சுகோபு' காண்டலையும் குறிக்கும் கிரேக்கம். 'சிலிக்கோ' தீக்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. 'வால்கேனோ' உரோமரின் தீக்கடவுள் பெயரினின்று வந்தது. 'கோனி' தூசியைக் குறிக்கும் கிரேக்கம். ஈற்றிலுள்ள 'ஓசிசு' நோய்நிலை காட்டும் கிரேக்க ஈறு. 45 எழுத்திலும் ஆங்கிலர் தம் முன்னோர் நாவினின்று வந்த பகுதி ஒன்றேனும் இல்லை. ஆங்கிலத்தின் மிக நீண்ட சொல் என்று கொண்டாடப்பெறுவதில் ஆங்கிலமே இல்லை! கடன் வாங்கிய கற்களால் கட்டிய கோபுரத்தைத் தன் வீடென்று காட்டி மகிழ்வது போன்றதன்றோ இது?

இனி, இச்சொல் விளையாட்டாகப் பிறந்த அதே ஆண்டுகளில், இது குறிக்கும் நோயின் உடன்பிறப்பாகிய நோய் விளையாட்டாக இருக்கவில்லை. அமெரிக்காவின் மேற்கு வர்சீனிய மாநிலத்தில், காலி பிரிட்சு என்னும் ஊரையடுத்து, மின்னாக்கத்திற்காக ஆற்றுநீரைத் திருப்பிக் கொண்டுசெல்ல மலையைக் குடையும் பணி 1930-இல் தொடங்கிற்று. அச்சுரங்கவழிக்கு ஆக்சு நெசுட்டு என்று பெயர். பருந்துக்கூடு என்பது அதன் பொருள். ஏறத்தாழ 3 கல் தொலைவு குடையப்பெற்ற அம்மலையின் பாறை, சிலிக்கா மிகச் செறிந்த பாறை. துளையிடுகையில் நீர் பாய்ச்சியிருந்தால் துகள் அடங்கியிருக்கும். முகமூடி தந்திருந்தால் நுரையீரல் தப்பியிருக்கும். இவ்விரண்டும் செய்யப்பெறாமையே பெருங்கேட்டிற்கு வித்தாயிற்று. உள்ளே உழைத்தவரிற் பெரும்பாலோர், வேலையின்மையால் தென்மாநிலங்களினின்று பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தார். வெண்துகள் படிந்து வெளியே வந்த அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் அடுத்த சில ஆண்டுகளுக்குள் மூச்சடைத்து மாண்டனர். 1936-இல் அமெரிக்கப் பேராயக் குழு இதனை உசாவிற்று. அவ்வுசாவலை ஒட்டிப் பின்னாளில் அங்கு நாட்டப்பெற்ற நினைவுப் பலகை மாண்டோர் தொகையை 476 என்கின்றது. 1986-இல் மார்ட்டின் செர்னியாக்கு என்னும் மருத்துவர் ஆராய்ந்து வெளியிட்ட நூல் 764 என்று கணிக்கின்றது.

இக்கொடுமையுள் சொல்லைப் பற்றிய கொடுமையும் ஒன்றுண்டு. நோயுற்ற பலர்க்கு அவர்தம் நோயின் உண்மைப் பெயரே சொல்லப்படவில்லை. வேறு வேறு நோய்ப் பெயர்களே சொல்லப்பட்டன. பெயர் தெரியாமையால் ஏது தெரியவில்லை. ஏது தெரியாமையால் தடுக்கவும் இயலவில்லை. தடுக்க இயலாமையால் உரிமை கேட்கவும் வழியில்லை. ஒருபுறம், புதிர்க் கழகத்தார் அவைக்களத்தில் 45 எழுத்துச் சொல்லுக்குக் கைதட்டல். மறுபுறம், சுரங்கத்தில் உழைத்தவனுக்கு ஒரு சிறு சொல்லும் மறுப்பு. கைதட்டியவர் கொடியவரல்லர், அவர் அறியாது ஆடியவர். எனினும், சொல் யாருக்காக என்னும் வினாவை இவ்விரு காட்சிகளும் அருகருகே நின்று எழுப்புகின்றன.

இவ்வினாவுக்கு விடை ஆங்கிலப் பொதுமக்கள் வாயிலேயே இருந்தது. இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழிலாளர், பாண்டத் தூசியால் வரும் இந்நோயைக் 'குயவர் அழுகல்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். கத்தியும் கருவியும் சாணைபிடித்தவர்க்கு வந்த நோய் 'சாணைக்காரர் ஈளை' எனப் பொருள்படும் பெயர் பெற்றது. இப்பெயர்களுக்கு அகரமுதலி வேண்டியதில்லை. எத்தொழிலால் வரும், யாருக்கு வரும், என்ன செய்யும் என்னும் மூன்றையும் இரண்டே சொற்களில் அவை கூறிவிட்டன. 45 எழுத்துச் சொல் மறைத்ததை இவை திறந்து காட்டின.

பட்டியல்களில் அடுத்தடுத்து நிற்கும் சொற்களும் இத்தன்மையவே. 'ஃபிளாக்சி-நாசி-நிகிலி-பிலி-ஃபிகேசன்' என்னும் 29 எழுத்துச் சொல், ஒன்றைப் பயனற்றதென மதித்தலைக் குறிப்பது. 1741-ஆம் ஆண்டிலேயே வில்லியம் சென்சுடன் என்னும் பாவலர் தம் மடலொன்றில் இதனை ஆண்டுள்ளார். பொருட்டாகாதது, ஒன்றுமில்லாதது என்னும் கருத்தினவாகிய நான்கு இலத்தீன் சொற்களை, பள்ளி இலக்கணப் பட்டியலில் நின்றவாறே ஒட்டிச் செய்த நகைச்சொல் இது. 'பயனில்லை' என்று சொல்லுவதற்கு 29 எழுத்தைச் செலவிடுவதே பயனின்மைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு! 'ஆன்டி-டிசு-எசுடாபிளிசு-மென்டேரியனிசம்' என்னும் 28 எழுத்துச் சொல்லுக்கு மட்டும் ஓரளவு வரலாற்று அடிப்படையுண்டு. அரசினின்று திருச்சவையைப் பிரித்தலாகாது என்னும் கொள்கையைக் குறிப்பது அது. அயர்லாந்தில் அப்பிரிப்பு 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், வேல்சு நாட்டில் 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் ஏற்பட்டது. மக்களைக் கலக்கிய அவ்வழக்கு இன்று மறக்கப்பட்டது. சொல்லின் எழுத்தெண்ணிக்கை மட்டும் நினைக்கப்படுகின்றது. 1955-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் 12 அகவைச் சிறுமி ஒருத்தி அச்சொல்லைப் பிழையின்றி எழுத்துக்கூட்டி நாடறிந்த பெயர் பெற்றாள். அச்சிறுமியின் நினைவாற்றல் போற்றத்தக்கதே. ஆயின், அவளிடம் அவை கேட்டது எழுத்தை, கருத்தை அன்று.

இந்நெடுஞ்சொற் செருக்கை ஆங்கிலரே நகையாடியுள்ளனர். செகப்பிரியர் தம் நாடகமொன்றில், இலத்தீன் கலந்து பேசிப் பெருமை கொள்ளும் பள்ளியாசிரியனையும் அவன் தோழனையும் அரங்கேற்றி, அவர்கள் எதிரே ஒரு பட்டிக்காட்டான் வாயில் 27 எழுத்துள்ள இலத்தீன் சொல்லொன்றை வைத்து நகைக்கச் செய்தார். அந்நாடகம் 1598-இல் அச்சேறியது. கற்றாரின் செருக்கைக் கல்லான் ஒருவன் நகையாடிய அவ்விடம், எந்நாட்டுப் பள்ளியாசிரியர்க்கும் பாடமாகத் தக்கது.

நகையாடியதோடு நில்லாமல், மாற்றுவழி காட்டியோரும் ஆங்கில நாட்டில் இருந்தனர் என்பது தமிழர் பலர் அறியாத செய்தி. 1066-இல் நார்மானியர் வென்றபின் பிரெஞ்சுச் சொற்களும், மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீன், கிரேக்கச் சொற்களும் வெள்ளமெனப் புகுந்தன. அப்புதுச் சொற்களை 'மைக்கூட்டுச் சொற்கள்' என அக்காலத்தாரே இகழ்ந்தனர். கேம்பிரிட்சில் கிரேக்கம் கற்பித்த பேராசிரியராகிய சான் சீக்கு (1514-1557), ஆங்கிலம் பிறமொழிக் கலப்பின்றித் தூய்மையாக எழுதப்பெறல் வேண்டும் என வற்புறுத்தினார். கிரேக்கம் அறியாதவர் அதனை வெறுத்தார் என்று சொல்ல வழியில்லை. கிரேக்கத்தைக் கரை கண்டவரே அவ்வாறு கூறினார். நற்செய்தி நூலை மொழிபெயர்க்கையில், நூறு போர்மறவர்க்குத் தலைவனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை நீக்கி, 'நூற்றவன்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அவர் ஆக்கினார். 1573-இல் இரால்பு லீவர் என்பார் ஏரணநூல் எழுதி, அதற்கு 'அறிவுத்திறம்' எனப் பொருள்படுமாறு 'விட்கிராஃப்ட்டு' என்று பெயரிட்டார்.

இவ்வழியில் மிக விரிந்து சென்றவர் வில்லியம் பார்ன்சு (1801-1886). தார்செட்டு நாட்டுப்புறத்தில் பிறந்து, பள்ளியாசிரியராய்ப் பணியாற்றிப் பின் திருச்சவைத் தொண்டரானவர்; பன்மொழி கற்றவர்; தம் ஊர் வழக்கிலேயே பா இயற்றியவர். 1878-இல் ஆங்கில இலக்கணநூல் வெளியிட்டு, இலக்கணம் என்பதற்கே 'பேச்சுத்திறம்' எனப் பொருள்படும் தூய ஆங்கிலச் சொல்லைத் தலைப்பாக்கினார். பலர் ஏறிச் செல்லும் வண்டிக்கு இலத்தீன் பெயர் எதற்கென்று 'மக்கள்வண்டி' எனப் பொருள்படுமாறு 'ஃபோக்குவெயின்' என்றார். இருசக்கர ஊர்திக்கு 'உருளிச்சேணம்' எனவும், ஒளியாற் பதியும் படத்திற்குக் 'கதிரவன்பதிவு' எனவும் பொருள்படும் சொற்களைப் படைத்தார். படிக்காத உழவனும் தன் தாய்மொழியில் எழுதிய நூலைப் படித்துப் பொருளுணர வேண்டும் என்பதே அவர் வேட்கை. அவர் நாட்டார் பெரும்பாலும் நகைத்தனர், சொற்கள் வழங்கவில்லை.

எனினும், அம்முயற்சியே வீணென்று கூறற்க. 1846-இல் வில்லியம் தாம்சு என்பார், 'பொதுமக்களின் பழமைகள்' எனப் பொருள்பட்டு நின்ற இலத்தீன் வழித் தொடரை நீக்கி, 'ஃபோக்குலோர்' என்னும் இருபகுதித் தூய ஆங்கிலச் சொல்லை ஆக்கினார். இன்று அச்சொல் ஆங்கிலத்தில் மட்டுமன்றி, உலக மொழிகள் பலவற்றிலும் வழங்குகின்றது. தன் வேரிலிருந்து எழுந்த சொல், தக்க காலத்தில் தக்கவர் கையாண்டால், உலகாளும் என்பதற்கு இஃதொன்றே போதும்.

இனி, சொல்லாட்டத்தையே எடுத்துக்கொள்வோர் ஒரு வேடிக்கையைக் காண்பர். ஆங்கிலச் சொல்லாட்டங்களுள் தலைமையானது 'இசுகிராபிள்' என்னும் எழுத்துக்கட்டை ஆட்டம். பொருளியல் வீழ்ச்சியால் வேலையிழந்த ஆல்பிரடு பட்சு என்னும் கட்டடக்கலைஞர், செய்தித்தாளில் எவ்வெழுத்து எத்துணை முறை வருகின்றதென எண்ணி, 1938-இல் இதற்கு வடிவம் தந்தார். 1948-இல் சேம்சு புரூனோ என்பார் இப்பெயர் சூட்டிச் சந்தைக்குக் கொணர்ந்தார். எழுத்துக்கட்டைகள் 100, பலகையோ நெடுக்கில் 15, குறுக்கில் 15 கட்டங்கள். ஆகவே 45 எழுத்துச் சொல்லுக்கும், 29 எழுத்துச் சொல்லுக்கும், 28 எழுத்துச் சொல்லுக்கும் அப்பலகையில் இடமே இல்லை! சொல்லாட்டத்திற்கென்று நெட்டுருச் செய்த நெடுஞ்சொற்கள் சொல்லாட்டத்திற்கே உதவா. அங்கு வல்லவர் முதலிற் கற்பவை நூற்றுக்கு மேற்பட்ட ஈரெழுத்துச் சொற்களையே.

அவ்வாட்டத்தின் உலக முதல்வர் எனப் போற்றப்பெறுபவர் நியூசிலாந்தில் பிறந்த நைகல் இரிச்சர்ட்சு. பிரெஞ்சு மொழி பேசத் தெரியாத அவர், ஏறத்தாழ ஒன்பது கிழமைக்குள் அம்மொழியின் ஆட்டச் சொற்பட்டியலை நெட்டுருச் செய்து, 2015-இல் பிரெஞ்சு இசுகிராபிள் வாகையைச் சூடினார். 2024-இல் இசுபானியத்திலும் அவ்வாறே வென்றார். அவர்தம் ஆற்றல் வியக்கத்தக்கது. அதனைக் குறைகூறுதல் அறமன்று. ஆயின், அவ்வெற்றி ஓர் உண்மையை ஐயந்திரிபற நிறுவிவிட்டது: சொற்களையெல்லாம் பெற்றிருந்தும் மொழியைப் பெறாதிருத்தல் இயலும். ஆயிரம் ஆயிரமாகப் பிரெஞ்சுச் சொற்களை உள்ளத்தில் வைத்திருந்த ஒருவர், பிரெஞ்சுக் குழந்தையொன்று நீர் கேட்டு அழுதால் அவ்வழுகையின் பொருளறியார். எழுத்துக்கூட்டம் வேறு, மொழி வேறு.

ஆங்கில ஆட்டக்காரர் கையாளும் சொற்களில் தமிழும் உண்டு. கட்டுமரம் அங்கே 'கேட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்டு' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்னும் 12 எழுத்துச் சொல்லாயிற்று. மிளகுத்தண்ணீர் என்றதும் தமிழ்க் குழந்தைக்கு மிளகும் தெரியும், தண்ணீரும் தெரியும்; நாவில் காரமும் ஊறும். அதே சொல் ஆங்கிலன் வாயில் சென்றபோது மிளகும் போயிற்று, தண்ணீரும் போயிற்று. ஓசை மட்டும் எஞ்சிற்று. அகரமுதலியைப் புரட்டினாலன்றி அவனுக்கு அது விளங்காது. சொல் தன் மண்ணினின்று பெயர்ந்தால் உடல் செல்லும், உயிர் செல்லாது. ஆங்கிலத்திற் புகுந்த தமிழ்ச்சொல்லுக்கு நேர்ந்ததே, தமிழிற் புகும் ஆங்கிலச் சொல்லுக்கும் நேரும். இரண்டிடத்தும் இழப்பு, கடன் வாங்கிய மொழியின் பொதுமக்களுக்கே.

இவற்றால், விளையாட்டே வேண்டா என்பது கருத்தன்று. மாலைமாற்றும் சித்திரப்பாவும் விடுகதையும் கண்ட தமிழுக்குச் சொல்லாட்டம் புதிதன்று. அறிவியலார் தமக்குள் வழங்கக் கிரேக்க, இலத்தீன் பெயர்களைப் பொதுவாகக் கொண்டதிலும் அவர்க்குரிய ஏது உண்டு. ஆயின், ஆட்டத்தின் அளவுகோலை வாழ்வுக்குக் கொண்டுவந்து, நீளமே வளமென மயங்குதல் கூடாது. வளமென்பது, உழைப்பவன் தன் உயிரைக் காக்க வேண்டிய நேரத்தில் அவனுக்கு விளங்கும் சொல்லைத் தருவது.

இவ்வளவுகோலைத் தமிழிற் சொல்லாக்குவாரும் தம்மேல் வைத்துப் பார்த்தல் வேண்டும். பார்ன்சு கண்ட கனவு அவர் நாட்டில் நனவாகவில்லை, தமிழ்நாட்டில் நனவாயிற்று. மக்கள்வண்டிக்குப் 'பேருந்து', உருளிச்சேணத்திற்கு 'மிதிவண்டி', கதிரவன்பதிவிற்கு 'ஒளிப்படம்' என்று அவர் எண்ணிய வகையிலேயே அமைந்த சொற்கள் இன்று தமிழில் உயிரோடு உலவுகின்றன. அவை வாழ்வது தூயவை என்பதனால் மட்டுமன்று. கேட்டவுடன் விளங்குபவை என்பதனாலும் ஆகும். பழஞ்சுவடியினின்று ஒரு சொல்லைத் தோண்டியெடுத்து, அதனோடு இன்னொன்றை முடிந்து, கற்றோரும் உரை வேண்டி நிற்குமாறு ஆக்கிவைப்பின், அதுவும் 45 எழுத்துச் சொல்லின் தம்பியே; தமிழுடை உடுத்த தம்பி, அவ்வளவே. கல் உடைக்கும் தொழிலாளியிடம் 'சிலிக்கோசிசு' என்றால் விழிப்பான். 'கற்றுகள் ஈளை' என்றால் தன் கையிலுள்ள கல்லையும், காற்றிலுள்ள துகளையும், நெஞ்சிலுள்ள ஈளையையும் ஒருங்கே உணர்வான்; மூக்கை மூடத் துணி தேடுவான்; மூடி தராத முதலாளியைத் தட்டிக் கேட்பான். 'கல்தூள் நோய்' என்பது அவனுக்கு இன்னும் எளிதாயின், அதுவே சிறந்த சொல். அச்சொல்லே அவனுக்குக் கேடயம்.

"இத்துணை நெடிய சொல் தமிழில் உண்டா?" என்னும் வினாவுக்கு, "வேண்டுமாயின் ஆக்கலாம், வேண்டுவதில்லை" என்பதே விடை. வினவத் தக்க வினா வேறு: இத்தமிழ்ச் சொல், இதனால் பிழைக்க வேண்டியவனுக்கு விளங்குகின்றதா? அவ்வினாவைத் தமிழாசிரியர் வகுப்பறையிலும், மருத்துவர் நோயாளி முன்பும், அலுவலர் ஆவணத்திலும், சொல்லாக்குவோர் தம் எழுதுகோல் முனையிலும் நாள்தோறும் எழுப்புவாராக. சொல்லின் நீளத்தைப் புதிர்க் கழகத்தார் அளந்துகொள்க. சொல்லின் ஒளியைத் தமிழர் அளக்க!